வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் ஒரு கிழட்டு ரோஜா: பிடுங்கிவிடவா, பிழைக்குமா?

பொடக்காளி (அவிநாசி), ஜூன் கடைசி

வணக்கமுங்க. அவிநாசிக்குப் பக்கத்தில் மாமியார் வீடு, பல வருடமாக வாடகைக்கு விட்டிருந்தோம், இப்போது நாங்களே குடிவந்துவிட்டோம். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் மதில் ஓரமாக ஒரு ரோஜாச் செடி நிற்கிறது. மாமியார் கையால் வைத்தது. நல்ல ரோஸ் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்குமாம், மாரியம்மன் நோம்பிக்கு வெளியில் பூ வாங்கினதே இல்லை என்கிறார்.

இப்போதைய கோலத்தைச் சொல்கிறேன். அடித்தண்டு கட்டைவிரலை விடத் தடிமன், சாம்பல் நிறத்தில் வெடித்துக் கிடக்கிறது. மேலே பழைய கிளை முக்கால்வாசி காய்ந்த குச்சி, தொட்டால் ஒடிகிறது. ஆனால் அடியிலிருந்து ஒரே ஒரு கிளை மட்டும் மதிலுக்கு மேலே நெட்டுக்குப் போயிருக்கிறது, பச்சைப் பசேலென்று, இலை பொடிப்பொடியாக, மொட்டு ஒன்றுகூடக் கிடையாது. பழைய தண்டில் ஓரிடத்தில் மட்டும் நாலைந்து இலை, அதுவும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. தண்டில் வெள்ளையாகப் பொருக்கு ஒட்டியிருக்கிறது, எறும்பு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. போன குடித்தனக்காரர் பாத்ரூம் டைல்ஸ் மாற்றியபோது இடித்த கலவையையும் ஓட்டுச் சில்லையும் செடிக்கு அடியிலேயே கொட்டிவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் போர் தண்ணீர், வாளி காய்ந்தால் வெள்ளையாகப் படியும் ரகம்.

வீட்டுக்காரர் "பிடுங்கிப் போட்டுட்டு நூறு ரூபாய்க்குப் புதுசு வை" என்கிறார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காலையில் எழுந்ததும் அங்கேதான் போய் நிற்கிறார். ஆனிக் காற்று வேறு அடிக்கிறது. இப்போது கிளையை வெட்டிக் கவாத்து செய்யலாமா, என்ன உரம் போடலாம், யாராவது சொல்லுங்கள்.

மொட்டைமாடி (கோவை)

கவலையே வேண்டாம் அக்கா, ரோஜா அவ்வளவு சீக்கிரம் சாகாது! ஒரு ஸ்பூன் எப்சம் உப்பு, ஒரு கைப்பிடி முட்டை ஓட்டுத் தூள், வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர், டீத்தூள் நாலு நாளைக்கு ஒரு தடவை. கூடவே டிஏபி உரம் ஒரு ஸ்பூன் வேரைச் சுற்றிப் போடுங்கள். என் மாடியில் இருக்கிற தொட்டிகளுக்கு இதுதான், பூ கொட்டுகிறது.

செம்மண்காடு (காங்கேயம்)

தம்பி, கொஞ்சம் பொறுங்க. அந்தச் செடி உயிரோடு இருக்கிறதா என்றே இன்னும் தெரியவில்லை, அதற்குள் ஐந்து வகை தீனி. பொடக்காளி அக்கா, எதையும் வாங்க வேண்டாம், எதையும் கொட்ட வேண்டாம். முதலில் நகத்தாலோ சின்னக் கத்தியாலோ அந்தப் பழைய தண்டின் தோலைக் கடுகளவு கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்த மரமாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது, இன்னும் கீழே இறங்கிக் கீறுங்கள். எந்த உயரம் வரை பச்சை இருக்கிறது என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

இரண்டாவது, மண்ணைக் கொஞ்சம் விலக்கி அடித்தண்டில் முட்டி மாதிரி புடைத்த இடம் எங்கே என்று தேடுங்கள். அதுதான் ஒட்டுக் கட்டிய இடம். நெட்டுக்குப் போன அந்தக் கிளை ஒட்டுக்கு மேலே கிளம்பியிருக்கிறதா, கீழே கிளம்பியிருக்கிறதா? இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் சொல்கிற லட்சணத்துக்குக் கீழேயிருந்துதான் வந்திருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது, மஞ்சள் இலை புதுத் தளிரா, பழைய இலையா?

ஒரு_வெள்ளாடு (தாராபுரம்)

எங்கள் ஊரில் ரோஜாவுக்குக் கவாத்து வெள்ளாடுதான் செய்யும். காசு கிடையாது, எருவும் போட்டுவிட்டுப் போகும்.

அம்மிச்சி_சொல் (கோபி)

கண்ணு, முதல்ல அந்தக் கலவைக் குப்பையை அள்ளு. மற்றதெல்லாம் அப்புறம். சிமென்ட்டும் சுண்ணாம்பும் வேரில் இறங்கினால் எந்தச் செடிதான் முகம் கொடுக்கும். மம்முட்டி போட்டு வெட்டாதே, வேர் அறுந்து போகும், களைக்கொத்தால் மேலாக்க வழித்து எடு. ஒரு முழம் சுற்றளவுக்கு அள்ளிவிட்டு, மாட்டுக் கட்டுத்தாரையில் மட்கிக் கிடக்கிற பழைய சாணி எருவும் செம்மண்ணும் கலந்து நிரப்பு. பச்சைச் சாணி போட்டுவிடாதே சாமி, கரையானும் வேர்ப்புழுவும் வந்து குடியேறிவிடும். அந்த எப்சமும் டிஏபியும் இப்போது வேண்டாம், காய்ச்சலில் படுத்திருக்கிறவனுக்குக் கறிசோறு போட்டால் என்ன ஆகும்.

தண்டில் ஒட்டியிருக்கிறது செதில் பூச்சி. பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடு, நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

பொடக்காளி

மஞ்சள், தளிரில்தான். பழைய இலை என்று சொல்லவே ஒன்றும் மிச்சமில்லை. பழைய தண்டைக் கீறினேன், மேலே பழுப்பு, ஆனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை பச்சை இருக்கிறது!! முட்டியும் கண்ணுக்குத் தெரிகிறது, மண்ணுக்குள் கொஞ்சம் புதைந்திருந்தது. நெட்டைக் கிளை முட்டிக்குக் கீழேதான். செம்மண்காடு அண்ணன் சொன்னது சரிதான் போல. அப்படியானால் அது என்ன கிளை?

இலைப்புள்ளி (நாமக்கல்)

வேளாண்மை படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்சரியில் வாங்கும் பெரிய பூ ரோஜா எல்லாம் அநேகமாக இரண்டு செடி சேர்ந்த ஒன்று. கீழே வேருக்காக ஒரு முரட்டு ரகம், மேலே பூவுக்காக ஒரு ரகம். செடியைக் கவனிக்காமல் விட்டால் மேலே இருக்கிற பூ ரகம் மெலிந்துகொண்டே போகும், கீழே இருக்கிற வேர்ச்செடி தன் சொந்தக் கிளையை விட்டு வளர்ந்துவிடும். சத்தெல்லாம் அதற்கே போகும். உங்கள் வீட்டில் நடந்திருப்பது அதுதான்.

"ஏழு இலை வந்தால் காட்டு ரோஜா, ஐந்து இலை என்றால் நல்ல ரோஜா" என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள். நல்ல பூ ரகங்களிலேயே வீரியமாக வளரும் கிளையில் ஏழு இலை வரும். கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்பதுதான் சரியான அடையாளம். இன்னொன்றும் பார்க்கலாம்: இலைக்காம்பு தண்டில் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் சின்னதாக ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் ஓரம் சீப்புப் பல்லாக நார் நாராகப் பிரிந்திருந்தால் அது மல்டிஃப்ளோரா என்கிற வேர்ச்செடி. பூத்தாலும் சின்ன வெள்ளைப் பூ கொத்தாக, வருடத்துக்கு ஒரு பருவம்தான்.

செதில் வழவழப்பாக இருந்து, கிளையில் முள் நிறைய இருந்தால் விஷயம் வேறு. அது எட்வர்ட் ரோஜாவாக இருக்கலாம், அதாவது நம் பன்னீர் ரோஜா. தென்னிந்தியாவில் அதையும் வேர்ச்செடியாக வைத்து ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள். பூர்வீகம் ரீயூனியன் தீவு, பூர்பான் என்கிற ரோஜா வகைகளின் மூதாதை. வாசனையில் அதற்கு ஈடே கிடையாது, அப்படியிருந்தால் வெட்டவே மனசு வராது. பார்த்துச் சொல்லுங்கள்.

மஞ்சள் தளிர், பச்சை நரம்பு: இரும்புச் சத்துக் குறை. மெக்னீசியம் குறைந்தால் முதலில் மஞ்சளாவது பழைய இலை, இரும்பு குறைந்தால் தளிர். எப்சம் உப்பு தருவது மெக்னீசியம், அதனால் மொட்டைமாடி நண்பர் சொல்கிற அந்த உப்பு இங்கே வேலை செய்யாது. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, நம் செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பால்தான். போர் தண்ணீரிலும் கலவையிலும் இருக்கிற சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையைக் கூட்டி அந்த இரும்பை வேர் எடுக்க முடியாதபடி பூட்டி வைத்துவிடுகிறது. ரோஜாவுக்கு மண்ணின் பிஹெச், அதாவது கார அமில அளவு, 6 முதல் 6.5 வரை இருந்தால் சுகம், உங்கள் மதில் ஓரம் 8ஐத் தாண்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். இதில் முட்டை ஓட்டைப் போட்டால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேரும், அவ்வளவுதான்.

மண்ணெண்ணெய் வேண்டாம் என்பேன் அம்மிச்சி, பலவீனமான தண்டில் தோலைச் சுட்டுவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் காதி சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாலே செதில் உதிர்ந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, சாயங்காலம் தெளித்துவிடுங்கள். பூச்சி போனால் எறும்பும் பெரும்பாலும் போய்விடும், இந்த மாதிரிப் பூச்சிகளில் சில வகை சுரக்கும் இனிப்புத் தண்ணீருக்குத்தான் அது வரும்.

அம்மிச்சி_சொல்

பஞ்சில் தொட்டுத் துடைக்கத்தான் சொன்னேன், குளிப்பாட்டச் சொல்லவில்லை. சரி, உன் சோப்பே இருக்கட்டும்.

நாற்றுப்பை (மேட்டுப்பாளையம்)

நர்சரி நடத்துகிறவன் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, ஆனால் ஒரு சாண் பச்சை மிச்சமிருக்கிற பழைய செடியைத் தேற்றிப் பூ பார்க்க ஆறு மாதம் ஆகும். அந்த நேரத்தில் ஓசூரிலிருந்து வருகிற ஒரு நல்ல ஒட்டுச் செடி இரண்டு பருவம் பூத்துவிடும். மாமியாருக்கு மனசு அதில் இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள், அது வேறு கணக்கு. பூதான் வேண்டும் என்றால் புதுச் செடி.

புதுசு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஆந்திராவில் கடியம் பக்கமிருந்து வருகிற செடிகளில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இருக்கும், காய்ந்தால் கல். அதை அப்படியே குழியில் வைத்தால் வேர் வெளியே வராது, தண்ணீரும் உள்ளே போகாது. ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்துக் களிமண்ணை மட்டும் கரைத்துவிட்டு நடுங்கள். மொத்தமாகக் கழுவி வேரை அம்மணமாக்கிவிடாதீர்கள்.

செம்மண்காடு

புதுச் செடியை அதே கலவைக் குழியில், அதே போர் தண்ணீரில் வைத்தால் அதுவும் இரண்டு வருடத்தில் இதே கோலம்தான் நாற்றுப்பை. செடியை மாற்றினால் மண் மாறிவிடுமா? பழையதற்குச் செய்கிற வேலையைத்தான் புதியதற்கும் செய்ய வேண்டும். இதற்காவது ஆழமாக இறங்கிய வேர் இருக்கிறது. எத்தனை வருடம் எவனும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமல் இந்த ஊர் வேசகால வெயிலைத் தாண்டி நின்றிருக்கிறது, அந்த வேரை நான் சும்மா விடமாட்டேன்.

நாற்றுப்பை

அதுவும் நியாயம்தான். குழி சரியில்லாமல் செடி மேல் பழி போடுகிறவர்கள்தான் என்னிடம் பாதிப்பேர்.

பொடக்காளி

இலைக்காம்புச் செதிலைப் பார்த்தேன், சீப்பு மாதிரியேதான் பிரிந்திருக்கிறது. முள்ளும் கம்மி. மல்டிஃப்ளோராதான் போல. பன்னீர் ரோஜாவாக இருக்கும் என்று ஒரு ராத்திரி முழுக்க ஆசையாக இருந்தேன்! கலவையை அள்ளியாயிற்று, இரண்டு சிமென்ட் மூட்டை நிறைய வந்தது, உள்ளே பாதி டைல்ஸ் ஒன்றும் ஒரு செருப்பும் இருந்தது. இப்போது அந்த நெட்டைக் கிளையை வெட்டிவிடலாமா?

இலைப்புள்ளி

வெட்டாதீர்கள், பிய்த்து எடுங்கள். கத்தரியால் நறுக்கினால் அடியில் இருக்கிற கண்கள், அதாவது முளை வரும் இடங்கள், முழித்துக்கொண்டு ஒன்றுக்கு நாலாகக் கிளம்பும். மண்ணை விலக்கி, அது வேர்த்தண்டில் ஒட்டியிருக்கிற மூலத்தைக் கண்டுபிடித்து, கீழ்ப்பக்கமாக இழுத்துக் கிழித்தால் கண்ணோடு சேர்ந்து வந்துவிடும்.

நாற்றுப்பை

இலைப்புள்ளி சொல்வது பாடப் புத்தகத்துக்குச் சரி. ஆனால் இந்தச் செடியில் வேலை செய்கிற இலை என்று இருப்பதே அந்த நெட்டைக் கிளையில்தான். அதை இன்றைக்கே பிய்த்துவிட்டால் வேருக்குச் சோறு போடுவது யார்? நான் செய்வது இப்படி: இடுப்பு உயரத்துக்கு மேலே அதை நறுக்கிவிட்டு, மிச்சத்தை ஒரு கயிற்றில் கட்டித் தரையைப் பார்க்க வளைத்துவிடுவேன். நெட்டுக்குப் போகிற வேகம் அடங்கிவிடும், வேருக்கு இலையும் இருக்கும். ஒட்டுக்கு மேலே தளிர் வந்து, அந்தத் தளிர் விரல் நீளம் தாண்டிய பிறகு கிழித்து எடுப்பேன்.

இலைப்புள்ளி

அது இருக்கிற வரைக்கும் ஒட்டுப் பகுதி முளைக்கத் தயங்கும் என்பதுதான் என் பயம். வேர்ச்செடிக்கும் ஒட்டுக்கும் போட்டி வந்தால் ஜெயிப்பது வேர்ச்செடிதான்.

செம்மண்காடு

வளைத்துக் கட்டுவதற்கு நான் ஓட்டுப் போடுகிறேன். ஆனால் முகூர்த்தம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது, மேலே நாலு இலை தெளிவாக விரிந்ததும் கிழித்துவிட வேண்டும். அப்படியும் மேலே ஒன்றும் முளைக்கவில்லை என்றால் அந்தக் கிளை வீண் இல்லை அக்கா. அது பென்சில் தடிமன் வந்ததும் அதிலேயே கண் ஒட்டு கட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டில் பிடித்த ரோஜாவிலிருந்து பூத்து முடிந்த கிளையில் ஒரு கண்ணைத் தோலோடு சீவி எடுத்து, இந்தக் கிளையில் ஆங்கில T வடிவத்தில் கீறி... இங்கே எழுதினால் புரியாது, கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் ஒருவர் உங்கள் ஊரில் கண்டிப்பாக இருப்பார்.

மொட்டைமாடி

எல்லோரும் என் எப்சம் உப்பை வறுத்தெடுத்தாயிற்று, சந்தோசம். ஆனால் தொட்டிச் செடிக்கு அது வேலை செய்கிறது, என் மாடிக்குச் சிறுவாணித் தண்ணீர், தொட்டியில் தென்னை நார்க்கழிவு, அங்கே சுண்ணாம்புப் பிரச்சினையே கிடையாது. ஒரு கேள்வி: இரும்புக்கு என்ன போட வேண்டும் என்று யாருமே சொல்லவில்லையே?

இலைப்புள்ளி

நல்ல கேள்வி. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைக்கும், அதுதான் ஃபெரஸ் சல்பேட். பச்சையாக உப்புக்கல்லாக இருக்க வேண்டும், பழுப்பாகிவிட்டிருந்தால் வாங்காதீர்கள், அது செடிக்குப் பயன்படாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, கலக்கிய உடனே இலையில் தெளிக்க வேண்டும். சாயங்காலம் மட்டும். மண்ணில் போட்டால் அந்தச் சுண்ணாம்பு இதையும் பூட்டிவிடும், பாதிக் காசு வீண். மண்ணில்தான் போடுவேன் என்றால் ஈடிடிஹெச்ஏ என்கிற இரும்புக் கலவை கேட்டு வாங்குங்கள், சுண்ணாம்பு மண்ணிலும் அது தாங்கும். மலிவாக வருகிற ஈடிடிஏ தாங்காது. சிமென்ட் தரையில் அன்னபேதி சிந்திவிட்டால் துருக்கறை போகாது, மாமியாரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும்.

தொட்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து வருகிற நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சத்தி_மல்லி (சத்தியமங்கலம்)

நாங்கள் மல்லிக்காரர்கள், ரோஜா பற்றி அதிகம் தெரியாது. ஆனால் உப்புத் தண்ணீர் பற்றித் தெரியும். தினமும் ஒரு சொம்பு ஒரு சொம்பாக ஊற்றுவதுதான் உப்பைச் சேர்க்கும் வழி, தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கும். நாலு நாளைக்கு ஒரு முறை ஊற்றினாலும் இரண்டு குடம் சேர்த்து ஊற்றி, உப்பு வேருக்குக் கீழே இறங்கும்படி விடுங்கள். வீட்டில் கூரைத் தண்ணீர் விழுகிற குழாய் இருந்தால் அதைச் செடிப் பக்கம் திருப்பிவிடுங்கள், ஒரு நல்ல மழை பத்து மூட்டை உரத்துக்குச் சமம். எங்கள் சித்தப்பா வீட்டுப் பக்கம் நொய்யல் ஆற்றோரம், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, சாயக் கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. அவிநாசிக்கு அந்த நிலைமை இல்லை.

பொடக்காளி

2024இல் அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துத் தண்ணீர் குளத்துக்கு வந்த பிறகு போர் தண்ணீர் கொஞ்சம் தேவலை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், எங்கள் வாளியில் இன்னும் வெள்ளை குறையவில்லை. ஜிப்சம் போட்டால் சரியாகும் என்று உரக்கடையில் சொன்னார்களே?

இலைப்புள்ளி

ஜிப்சம் களர் மண்ணுக்கு, அதாவது சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணுக்கு. சும்மா உப்புப் பூத்த மண்ணுக்கு நல்ல தண்ணீரால் கழுவுவதுதான் மருந்து. எது என்று தெரியாமல் காசைப் போடாதீர்கள், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் அரைக் கிலோ மண் கொடுத்தால் காரத்தன்மையும் உப்பின் அளவும் சொல்லிவிடுவார்கள்.

அம்மிச்சி_சொல்

கவாத்து எப்போது என்று கேட்டாளே, அதற்கு யாரும் பதில் சொல்லக் காணோம். காய்ந்த குச்சியை இன்றைக்கே வெட்டலாம், அதற்கு நாள் நட்சத்திரம் வேண்டாம். பச்சைக் கிளையில் இப்போது கை வைக்காதே. ஆடிக் காத்து முடியட்டும். புரட்டாசி கடைசியில், இல்லையென்றால் ஐப்பசியில் முதல் மழை விட்ட பிறகு வெட்டு, மார்கழியில் வாசலில் கோலத்தின் மேல் உன் வீட்டுப் பூ இருக்கும்.

இலைப்புள்ளி

அம்மிச்சி கணக்கு அப்படியே பல்கலைக்கழகக் கணக்கு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்வதும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், வெட்டியதிலிருந்து பூவுக்கு ஏறக்குறைய 45 நாள். யூடியூப்பில் ஊட்டிக்காரர்கள் ஜனவரியில் வெட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கே வெட்டாதீர்கள். அவர்களுக்கு மே மாத ரோஜாக் கண்காட்சிக்குப் பூ வேண்டும், குளிரும் வேறு. நாம் மாசி பங்குனியில் வெட்டினால் தளிர் நேராக வெயிலில் போய் விழும், சிவப்புச் சிலந்தியும் சேர்ந்துகொள்ளும்.

காய்ந்ததை வெட்டும்போது வெட்டு முகத்தின் நடுத்தண்டைப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிகிற இடம் வரும் வரைக்கும் கீழே இறங்கி வெட்டுங்கள், பழுப்பு இருந்தால் நுனிக் கருகல் நோய் இன்னும் உள்ளே இருக்கிறது, அது தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஒட்டு வரை போய்விடும். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக. வெட்டு முகத்தில் பூஞ்சையைத் தடுக்கிற போர்டோ பசை தடவுங்கள்: 100 கிராம் மயில்துத்தத்தைப் பாதித் தண்ணீரிலும் 100 கிராம் சுண்ணாம்பை மீதியிலும் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி அல்லது மண்சட்டி, இரும்புப் பாத்திரம் கூடாது. ஒரு செடிக்கு இவ்வளவு தேவையில்லை, பத்தில் ஒரு பங்கு போதும். அந்தத் துளிச் சுண்ணாம்பால் மண் கெடாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மிச்சி_சொல்

நாங்கள் சாணியும் மஞ்சளும் அப்பி விட்டோம். அதுவும் பிழைத்தது.

பொடக்காளி, ஆகஸ்ட்

சேதி சொல்ல வந்தேன். காய்ந்ததை எல்லாம் வெட்டியதில் ஒரு சாண் கட்டைதான் மிஞ்சியது, பார்க்கப் பாவமாக இருந்தது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். நெட்டைக் கிளையை வளைத்துக் கட்டினேன். மதிலுக்கு அந்தப் பக்கத்துக் கொய்யா மரம் காலை வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது, கேட்டதும் அவர்களே இரண்டு கிளையைக் கழித்துக் கொடுத்தார்கள். ஒரு மயில் வந்து புது மண்ணைக் கிளறிக் கிளறிப் போட்டதால் முள் குச்சி நட்டு வைத்திருக்கிறேன், அவிநாசியில் மயிலுக்குப் பயந்து வாழ வேண்டியிருக்கிறது.

பொருக்கைத் தேய்த்து எடுத்த பிறகு கட்டையில் இரண்டு இடத்தில் செக்கச் செவேலென்று முளை வந்தது. ஒன்று ஆடிக் காற்றில் ஒடிந்துவிட்டது, இன்னொன்று இப்போது ஒரு முழம். அன்னபேதி தெளித்த பிறகு வந்த இலை நல்ல கரும்பச்சை. நெட்டைக் கிளையைக் கிழித்துவிட்டேன், கை எல்லாம் கீறல். ஆனால் இப்போது சில இலையில் வட்ட வட்டமாகக் கத்தரியால் வெட்டிய மாதிரி இருக்கிறது. மருந்து அடிக்கட்டுமா?

செம்மண்காடு

அடிக்காதீர்கள்! அது இலைவெட்டித் தேனீ, கூடு கட்ட இலைத் துண்டு எடுத்துக்கொண்டு போகிறது, தின்பதில்லை. செடிக்கு ஒன்றும் ஆகாது. வட்டமாக இல்லாமல் தாறுமாறாகக் கடித்திருந்தால் ராத்திரி வருகிற வண்டு, டார்ச் அடித்துப் பார்த்துக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

முளை ஒரு முழம் வந்துவிட்டதால் இனி தீனி ஆரம்பிக்கலாம், ஆனால் லேசாக. ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, இரண்டு கைப்பிடி மட்கிய ஆட்டு எரு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி. நம் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய சரக்கு அது, வெளியூரிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. முதல் மொட்டு வந்தால் கிள்ளி எறியுங்கள்.

பொடக்காளி

மொட்டைக் கிள்ளுவதா! மாமியார் என்னை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்.

செம்மண்காடு

அப்படியானால் அவரையே கிள்ளச் சொல்லுங்கள். ஒரே கிளை, அது இன்னும் கிளைக்க வேண்டும். இப்போது பூவுக்குப் போகிற சத்து கிளைக்குப் போகட்டும்.

இலைப்புள்ளி

ஐப்பசி மழை வரும்போது கரும்புள்ளி நோய் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் பூஞ்சைக்கு அது போதும். அதனால் தண்ணீரை வேருக்கு மட்டும் காலையில் ஊற்றுங்கள், உதிர்ந்த புள்ளி இலையைச் செடியடியில் விடாமல் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

பொடக்காளி, ஜனவரி

பூத்துவிட்டது. ஐப்பசியில் லேசாகத்தான் வெட்டினேன், அதே கிளையிலிருந்து மூன்று கிளை பிரிந்திருக்கிறது. பூ நிறம் அதேதான் என்கிறார் மாமியார், ஆனால் "அளவு பத்தலை, அப்போ இதைவிடப் பெருசு" என்று தினமும் ஒரு தடவை சொல்கிறார். இரண்டு பூவில் இதழ் ஓரம் தீய்ந்து, விரியாமலே நின்றுவிட்டது.

இலைப்புள்ளி

தீய்ந்த ஓரம் இலைப்பேன் என்கிற பூச்சியால். அந்த மொட்டுகளைப் பறித்துக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள், வேப்பெண்ணெய் தொடரட்டும், பங்குனி வரை கண் வைத்திருங்கள். பூ அளவு அடுத்த வருடம் கூடும், வேருக்குத் தகுந்த கிளை இன்னும் மேலே வரவில்லை.

சத்தி_மல்லி

அக்கா, எனக்கு ஒரு குச்சி கிடைக்குமா? மாமியார் கை ராசியுள்ள செடியாகத் தெரிகிறது.

நாற்றுப்பை

இப்போது கேட்காதீர்கள், இருப்பதே மூன்று கிளை. அடுத்த கவாத்தில் விழுகிற குச்சியை வாங்கிக்கொள்ளுங்கள். பூத்து முடிந்த கிளையில், பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், மூன்று நாலு கண் இருக்க வேண்டும். ஈரத் துணியில் சுற்றிப் பாலித்தீன் கவரில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டால் சத்தி வரை தாங்கும். பெரிய பூ ரகம் சொந்த வேரில் நம் தண்ணீருக்குக் கொஞ்சம் சோனியாகத்தான் வளரும், அதனால் பாதிக் குச்சியை நடுங்கள், மீதியிலிருந்து கண் எடுத்து ஒட்டுக் கட்டுங்கள். அனுப்பும்போது மேல் முனையைச் சாய்வாகவும் அடி முனையை நேராகவும் வெட்டி அனுப்புங்கள் பொடக்காளி அக்கா, இல்லையென்றால் பாதிப்பேர் தலைகீழாக நட்டுவிட்டு முளைக்கவில்லை என்று இங்கே வந்து கேட்பார்கள்.